99 பலூன்களும் ஒரு பாடகியும்! - 40 ஆண்டுகளாக ஓயாத ஜெர்மன் குரல் நேனாவின் கதை

2023 பிப்ரவரி 4. அமெரிக்காவின் தெற்கு கரோலினா கடற்கரைக்கு மேலே மிதந்துகொண்டிருந்த ஒரு பெரிய வெள்ளை பலூனை, எஃப்-22 போர் விமானம் ஏவுகணை வீசிச் சுட்டு வீழ்த்தியது. 'அது சீனாவின் உளவு பலூன்' என்றது அமெரிக்கா. 'வானிலை ஆய்வுக்கானது, காற்றில் வழி தவறிவிட்டது' என்றது சீனா. அடுத்த சில நாள்களிலேயே அலாஸ்கா, கனடாவின் யூகான் பகுதி, ஹூரான் ஏரி என மூன்று இடங்களில் மேலும் மூன்று பறக்கும் பொருள்களைப் போர் விமானங்கள் வீழ்த்தின.

அப்புறம்தான் விஷயமே! 'அந்த மூன்றும் தனியார் நிறுவனங்களோ, பொழுதுபோக்குக் குழுக்களோ, ஆய்வு அமைப்புகளோ பறக்கவிட்டவையாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு' என்று அதிபர் பைடனே பிறகு சொன்னார். அதாவது, யாரோ ஆசைக்குப் பறக்கவிட்ட பலூனுக்குப் பின்னால் போர் விமானம் போயிருக்கலாம்!

அந்த வாரத்தில் சமூக வலைதளங்களில் ஒரு பழைய ஜெர்மன் பாட்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. காரணம், அந்தப் பாட்டின் கதையே இதுதான். சாதாரண பலூன்களை எதிரியின் ஆயுதம் என்று நினைத்து விமானங்களை அனுப்புகிறார்கள். முடிவில் உலகமே அழிகிறது. அந்தப் பாட்டு வந்தது 1983-ல். பாடியவர் நேனா.

பாட்டின் பெயர் '99 லுஃப்ட்பலோன்ஸ்'. ஜெர்மன் தெரியாதவர்களும் ஏதாவது ஒரு படத்திலோ, ரீல்ஸிலோ இதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால், அதைப் பாடியவரின் வாழ்க்கை பலருக்கும் தெரியாது. ஒரே பாட்டில் உலகப் புகழ், அதே பாட்டால் வந்த சுமை, நடுவில் ஒரு தாயின் பெரும் துயரம், 40 வயதுக்கு மேல் ஒரு மறுவருகை என்று சினிமாவுக்கான திருப்பங்கள் எல்லாமே அதில் இருக்கின்றன.

நகை செய்யப் பழகிய பெண்

நேனாவின் இயற்பெயர் கேப்ரியேல சூசான கெர்னர். 1960 மார்ச் 24 அன்று மேற்கு ஜெர்மனியின் ஹாகென் நகரில் பிறந்தார். 3 வயதில் பெற்றோருடன் ஸ்பெயினுக்குச் சுற்றுலா போனபோது அங்கிருந்தவர்கள் இந்தக் குட்டிப் பெண்ணை 'நின்யா' என்று அழைத்தார்கள். ஸ்பானிஷ் மொழியில் 'சிறுமி' என்று அர்த்தம். அதுவே வீட்டில் செல்லப்பெயராக மாறி, 'நேனா' என்று நிலைத்துவிட்டது. 60 வயதைக் கடந்த பிறகும் ஒருவரை உலகமே 'பாப்பா' என்று கூப்பிடுவதைப்போலத்தான் இது!

1977-ல் பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே நிறுத்தினார். அடுத்த 3 ஆண்டுகள் அவர் கற்றுக்கொண்டது தங்க நகை செய்யும் தொழில். பட்டறையில் உட்கார்ந்து நகை வேலை பழகிய அதே காலத்தில், 'தி ஸ்ட்ரைப்ஸ்' என்ற உள்ளூர் இசைக்குழுவில் பாடகியாகச் சேர்ந்தார்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் குழு பாடியது ஆங்கிலத்தில். அன்றைய மேற்கு ஜெர்மன் இளைஞர்களுக்கு ராக், பாப் என்றாலே ஆங்கிலம்தான். ஜெர்மன் மொழியில் பாடினால் அது அப்பா, அம்மா கேட்கும் 'ஷ்லாகர்' என்ற மெல்லிசைப் பாட்டு. இளைஞர்களைப் பொறுத்தவரை அது பழசு! ஆங்கிலத்தில் பாடிய 'தி ஸ்ட்ரைப்ஸ்' பெரிதாக எடுபடவில்லை. குழு கலைந்தது.

சுவருக்கு நடுவே ஓர் ஊர்

தன் காதலரும் டிரம்ஸ் கலைஞருமான ரோல்ஃப் பிரெண்டெலுடன் நேனா மேற்கு பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்.

மேற்கு பெர்லின் அப்போது விசித்திரமான இடம். சுற்றிலும் கம்யூனிச கிழக்கு ஜெர்மனி. நடுவில் ஒரு தீவுபோல இந்த நகரம். 1961-லிருந்து ஊரைச் சுற்றிச் சுவர். மேற்கு ஜெர்மனியின் கட்டாய ராணுவ சேவை மேற்கு பெர்லினில் வசிப்பவர்களுக்குக் கிடையாது. அதனாலேயே இளைஞர்கள், ஓவியர்கள், பாடகர்கள் என்று பலரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சோவியத் படைகள். இந்தப் பக்கம் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள். போர் என்று ஒன்று வந்தால் முதல் அடி எங்கே விழும் என்பது அங்கு வாழ்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஊரில் கிட்டார் கலைஞர் கார்லோ கார்கெஸ், கீபோர்டு வாசிக்கும் ஊவே ஃபாரன்க்ரோக்-பீட்டர்சன், பேஸ் கிட்டார் கலைஞர் யூர்கன் டேமல் ஆகியோர் இவர்களோடு சேர, ஐந்து பேர் கொண்ட குழு உருவானது. குழுவுக்கும் 'நேனா' என்றே பெயர். இந்த முறை அவர்கள் பாடியது சொந்த மொழியில்! அந்தச் சமயத்தில் ஜெர்மன் மொழியிலேயே புதுமையாகப் பாடும் ஓர் இளைஞர் அலை கிளம்பியிருந்தது. அதற்குப் பெயரே 'புதிய ஜெர்மன் அலை'.

1982 ஆகஸ்டில் 'மியூசிக்லாடன்' என்ற டிவி நிகழ்ச்சியில் நேனா தோன்றினார். சிவப்பு மினி ஸ்கர்ட், கலைந்த தலைமுடி, துள்ளல் நடை. பாடியது 'நூர் கெட்ரோய்ம்ட்' என்ற பாட்டு. 'வெறும் கனவுதான்' என்று பொருள். மறுநாளே அந்த இசைத்தட்டு 40,000 பிரதிகள் விற்றது. ஒரே ராத்திரியில் ஸ்டார் என்று சும்மா சொல்வோமே, இங்கே நிஜமாகவே நடந்தது.

ஒரு கச்சேரியில் பறந்த பலூன்கள்

1982 ஜூன். மேற்கு பெர்லினில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் பிரமாண்டக் கச்சேரி. கூட்டத்தில் கார்லோ கார்கெஸும் இருந்தார். நிகழ்ச்சியில் ஏராளமான பலூன்களைப் பறக்கவிட்டார்கள். அவை காற்றில் திரண்டு, உருமாறி, தொலைவில் ஏதோ விண்கலம்போலத் தெரிந்தன.

மற்றவர்களுக்கு அது அழகான காட்சி. பெர்லின்வாசியான கார்லோவுக்கோ வேறொரு யோசனை வந்தது. 'இவை அப்படியே சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும்? ரேடாரில் பார்ப்பவர்கள் என்னவென்று நினைப்பார்கள்?'

அந்தக் கேள்வியிலிருந்து பாடல் வரிகள் பிறந்தன. ஊவே இசையமைத்தார். வானில் மிதக்கும் 99 பலூன்களைப் பறக்கும் தட்டுகள் என்று நினைத்து ஒரு தளபதி விமானப் படையை அனுப்புகிறார். போய்ப் பார்த்தால் வெறும் பலூன்கள். ஆனாலும் விமானிகள் வீரத்தைக் காட்டச் சுட்டுத் தள்ளுகிறார்கள். பக்கத்து நாடு அதைத் தன்மீதான தாக்குதல் என்று எடுத்துக்கொள்கிறது. போர் மந்திரிகளுக்கு அதிகார ஆசை. 99 ஆண்டுப் போர். கடைசியில் ஜெயித்தவர் யாருமில்லை. இடிபாடுகளுக்கு நடுவே நடந்து வரும் பெண் ஒரே ஒரு பலூனைக் கண்டெடுத்து, தன் அன்புக்குரியவரை நினைத்துக்கொண்டே அதைப் பறக்கவிடுகிறாள்.

இத்தனை கனமான கதையை ஆட்டம்போட வைக்கும் மெட்டில் சொன்னதுதான் இந்தப் பாட்டின் சாமர்த்தியம். இன்னொரு ஆச்சர்யம், இந்தப் பாட்டில் பல்லவியே கிடையாது! திரும்பத் திரும்ப வந்து மனதில் ஒட்டும் வரி இல்லாமல், கதை சரசரவென்று முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் மெதுவாக, கதை சொல்வதுபோலக் குரல். நடுவில் வேகம். முடிவில் மறுபடியும் மெதுவாக, தனியாக அதே குரல்.

பாடலுக்கான வீடியோவை நெதர்லாந்து ராணுவத்தின் பயிற்சித் திடலில் எடுத்தார்கள். பின்னால் தெரியும் தீயும் வெடிப்பும் கிராஃபிக்ஸ் அல்ல, நிஜம்!

பாட்டு வந்த நேரம் அப்படி!

மேற்கு ஜெர்மனியில் இந்தப் பாட்டு முதலிடம் பிடித்தது. அதற்கு மெட்டு மட்டும் காரணமல்ல.

1979 டிசம்பரில் நேட்டோ நாடுகள் எடுத்த முடிவின்படி, அமெரிக்காவின் 'பெர்ஷிங் 2' அணு ஏவுகணைகள் மேற்கு ஜெர்மன் மண்ணில் நிறுத்தப்பட இருந்தன. சோவியத் யூனியன் ஏற்கெனவே தன் பக்கம் ஏவுகணைகளை நிறுத்தியிருந்தது. 'இரண்டு பேரும் சண்டை போட்டால் சாம்பலாவது நாங்கள்தானே?' என்ற பயம் ஜெர்மானியர்களுக்கு. 1983 அக்டோபரில் லட்சக்கணக்கான மக்கள் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஸ்டுட்கார்ட்டுக்கும் நியூ-உல்முக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட மனிதச் சங்கிலி அப்போது நடந்ததுதான். ஆனாலும் நவம்பரில் நாடாளுமன்றம் ஏவுகணைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது.

இதற்கிடையே, அதே 1983 செப்டம்பர் 26 அன்று இன்னொரு சம்பவம். மாஸ்கோவுக்கு அருகே ஓர் எச்சரிக்கை மையத்தில் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி பணியில் இருந்தார். அமெரிக்கா ஏவுகணை வீசிவிட்டதாகக் கணினி அலறியது. முதலில் ஒன்று. அடுத்து இன்னும் நான்கு. 'உண்மையாகவே தாக்குவதாக இருந்தால் வெறும் ஐந்து ஏவுகணைகளையா அனுப்புவார்கள்?' என்று யோசித்த பெட்ரோவ், இது தவறான எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். அவர் கணித்தது சரி. மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை ஏவுகணை என்று செயற்கைக்கோள் நினைத்திருந்தது.

இந்தச் சம்பவம் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பலூன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்த யாருக்கும், அந்தக் கதை கிட்டத்தட்ட நடந்தே விட்டது என்று அப்போது தெரியாது!

அமெரிக்கா கேட்ட ஜெர்மன் பாட்டு

லாஸ் ஏஞ்சல்ஸில் 'கே.ஆர்.ஓ.க்யூ' என்ற வானொலி நிலையம் ஜெர்மன் பாட்டை அப்படியே ஒலிபரப்ப, நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார்கள். 1984 மார்ச்சில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்! முதலிடத்தை மறித்துக்கொண்டு நின்றது 'வான் ஹேலன்' குழுவின் 'ஜம்ப்'. ஒரு வார்த்தைகூட ஆங்கிலத்தில் இல்லாத கதைப்பாட்டு அமெரிக்காவில் அவ்வளவு உயரம் போவது அப்போதும் அபூர்வம், இப்போதும் அபூர்வம்.

பிரிட்டனுக்கு ஆங்கில வடிவம் ஒன்று தயாரானது. '99 ரெட் பலூன்ஸ்'. வரிகளை எழுதியவர் கெவின் மெக்அலே. 1984-ல் அங்கே 3 வாரங்கள் முதலிடம். ஆனால் குழுவினருக்கு அந்த ஆங்கில வரிகள் திருப்தி தரவில்லை. ஜெர்மனில் பூடகமாக இருந்த விஷயம், ஆங்கிலத்தில் போட்டு உடைத்ததுபோல ஆகிவிட்டது என்பது அவர்களின் வருத்தம். ஊவே பேட்டியிலேயே அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

உலகம் முழுக்கப் பாட்டைக் கொண்டாடியது. ஆனால் பாடகியைப் பார்த்த விதம்? மேடையில் கை தூக்கிப் பாடியபோது அக்குள் முடியை அகற்றாமல் இருந்தார் என்பதை பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரிய செய்தியாக்கின. அணு ஆயுதப் போரைப் பற்றி ஒரு பெண் பாடுகிறாள். பேச்சோ அவள் உடம்பைப் பற்றி! 40 ஆண்டுகள் கழித்து இன்றைய கமென்ட் பாக்ஸ்களைப் பார்த்தால், பெரிதாக எதுவும் மாறிவிட்டதாகத் தெரியவில்லை.

உச்சிக்குப் பிறகு...

உச்சத்தைத் தொட்டவர்களுக்கு அடுத்த கேள்வி, 'அடுத்து என்ன?'

ஜெர்மனியில் தொடர்ந்து ஹிட்கள் வந்தன. 1984-ல் 'இர்கண்ட்வி, இர்கண்ட்வோ, இர்கண்ட்வன்' பாட்டு பெரிய வெற்றி. 'எப்படியோ, எங்கோ, எப்போதோ' என்று அர்த்தம். ஆனால் வெளிநாடுகளில் நேனா என்றால் பலூன். பலூன் என்றால் நேனா. வேறு எதையும் கேட்க அவர்கள் தயாராக இல்லை. ஆங்கிலத்தில் முழு ஆல்பம் போட்டும் அந்தக் கதவு திறக்கவில்லை. 'புதிய ஜெர்மன் அலை'யும் வந்த வேகத்திலேயே வடிந்தது. 1986-ல் வந்த ஆல்பம் எடுபடாமல் போக, 1987-ல் குழு கலைந்தது. நேனாவுக்கு அப்போது வயது 27.

அதற்கடுத்து வந்ததுதான் தாங்க முடியாத அடி.

1988-ல் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. பிறந்த சமயத்தில் ஏற்பட்ட மருத்துவச் சிக்கலால் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு. 11 மாதங்கள் மட்டுமே அந்தக் குழந்தை உயிரோடிருந்தது. உலகப் பட்டியல்களில் பெயர் வந்த காலமெல்லாம் எங்கோ போய், மருத்துவமனையும் வீடுமாகவே அந்த மாதங்கள் கழிந்தன.

பிற்காலத்தில் தன் சுயசரிதையிலும் பேட்டிகளிலும் நேனா இந்த இழப்பைப் பற்றிப் பேசினார். மறைக்கவில்லை. அதை வைத்து அனுதாபம் தேடவும் இல்லை.

1989-ல் தனிப் பாடகியாக முதல் ஆல்பம் வெளியிட்டார். தலைப்புப் பாட்டு 'வுண்டர் கெஷேன்'. 'அற்புதங்கள் நடக்கின்றன' என்று பொருள். குழந்தையைப் பறிகொடுத்த அதே ஆண்டில் ஒரு தாய் இப்படி ஒரு தலைப்பில் பாட வேண்டும் என்றால், அந்த மனதுக்கு எவ்வளவு உறுதி வேண்டும்!

அந்தப் பாட்டுக்கு வரலாறு வேறொரு மேடையைத் தயார் செய்து வைத்திருந்தது. 1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. மூன்றாவது நாளே, நவம்பர் 12 அன்று, மேற்கு பெர்லினில் அவசரமாக ஓர் இலவசக் கச்சேரி ஏற்பாடானது. ஜோ காக்கர், உடோ லிண்டன்பெர்க் என்று பலரும் பாடிய அந்த மேடையில் நேனாவும் ஏறினார். பாடியது 'வுண்டர் கெஷேன்'. சொந்தத் துயரத்திலிருந்து எழுந்த பாட்டு, சுவரைக் கடந்து வந்து நின்ற கிழக்கு பெர்லின் மக்களுக்கு அந்த நிமிடத்தின் பாட்டாக மாறிப்போனது.

ஏழு ஆண்டுகளுக்கு முன், பலூன் ஒன்று இந்தச் சுவரைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பயந்த குழுவின் பாடகி அவர். இப்போது மனிதர்களே தாண்டி வந்து அவர் முன்னால் நின்றார்கள்.

தாலாட்டுப் பாடிய ராக் ஸ்டார்

1990-ல் நேனாவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். பிறகு 1995, 1997 ஆண்டுகளில் மேலும் இரண்டு மகன்கள். 90-கள் முழுக்க அவர் பெரிய ஹிட் எதையும் கொடுக்கவில்லை. 'அவ்வளவுதான், முடிந்தது' என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. குழந்தைகளுக்கான பாடல்களை ஆல்பம் ஆல்பமாகப் பாடினார். பழைய நாட்டுப்புறக் குழந்தைப் பாட்டுகள், புதிய கதைப்பாட்டுகள். மேடை வெளிச்சம் குறைந்த நாள்களிலும் ஜெர்மன் வீடுகளில் அவர் குரல் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு தலைமுறை அவரை டிவியில் பார்த்து வளர்ந்தது என்றால், அடுத்த தலைமுறை அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே தூங்கியது.

அவருடைய நீடித்த புகழுக்கு இந்த அமைதியான 10 ஆண்டுகளும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. மறுபடியும் மேடைக்கு வந்தபோது, அம்மாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்த குரலாக அவர் இருந்தார்.

42 வயதில் மறுபடியும்!

1999-ல் ஹாம்பர்க் பாடகர் யான் டிலே, நேனாவின் 'இர்கண்ட்வி...' பாட்டை ரெகே பாணியில் பாடி ஹிட்டாக்கினார். இளைஞர்கள் 'இது யார் பாட்டு?' என்று தேடினார்கள்.

2002-ல் தன் 20 ஆண்டு இசைப் பயணத்தைக் கொண்டாடும் விதமாக, பழைய பாடல்களைப் புது இசையில் மறுபடியும் பாடி 'நேனா ஃபீச்சரிங் நேனா' என்று ஆல்பம் வெளியிட்டார். தலைப்பே குறும்பு! 'நேனாவுடன் இணைந்து பாடுபவர்: நேனா'. அன்றைய பெண்ணும் இன்றைய பெண்ணும் சேர்ந்து பாடுவதுபோல. ஊவேயும் இதில் கூட இருந்தார். 2003-ல் பிரிட்டிஷ் பாடகி கிம் வைல்டுடன், பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலத்தில் பாடிய 'எனிபிளேஸ், எனிவேர், எனிடைம்' ஐரோப்பாவின் பல நாடுகளில் கலக்கியது. 80-களின் இரண்டு நட்சத்திரங்கள், 40-களைத் தொட்ட வயதில், 20 வயதுக்காரர்களின் பட்டியலில்!

பலூன் பாட்டை எழுதிய கார்லோ இந்த மறுவருகையைப் பார்க்கவில்லை. 2002 ஜனவரியில் அவர் இறந்துவிட்டார்.

2005-ல் 'லீப இஸ்ட்' என்ற பாட்டு ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. மக்கள் விரும்பிப் பார்த்த 'ஃபெர்லீப்ட் இன் பெர்லின்' தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப் பாட்டு அது. 1983-க்குப் பிறகு 22 ஆண்டுகள் கழித்து மீண்டும் நம்பர் ஒன்!

2007-ல் ஹாம்பர்க்கில் ஒரு பள்ளியைத் தொடங்கியவர்களில் நேனாவும் ஒருவர். என்ன படிப்பது, எப்போது படிப்பது என்பதைக் குழந்தைகளே முடிவு செய்யும் பள்ளி. விதிகளை உருவாக்குவதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே ஓட்டு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் பள்ளி தொடங்கினால் அது இப்படித்தானே இருக்கும்! 2011-லிருந்து 'தி வாய்ஸ் ஆஃப் ஜெர்மனி' டிவி நிகழ்ச்சியின் நடுவர் நாற்காலியிலும் அமர்ந்தார்.

சர்ச்சையும் உண்டு

நேனாவை எல்லாரும் கொண்டாடிக்கொண்டே இருந்தார்கள் என்று சொன்னால் அது பாதிக்கதைதான்.

கொரோனா காலத்தில் அரசு விதித்த கட்டுப்பாடுகளை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். 2021 மார்ச்சில் காசெல் நகரில் கட்டுப்பாடுகளுக்கு எதிராகத் திரண்டவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் நன்றி சொன்னார். ஜூலையில் பெர்லின் அருகே நடந்த கச்சேரியில், ரசிகர்கள் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட தடுப்புகளுக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. 'வெளியே வருவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்' என்ற பொருளில் மேடையிலிருந்து நேனா பேச, ரசிகர்கள் முன்னால் நெருங்கினார்கள். ஏற்பாட்டாளர்கள் கச்சேரியைப் பாதியில் நிறுத்தினார்கள். தடுப்பூசி போட்டவர், போடாதவர் என்று ரசிகர்களைப் பிரிக்கும் மேடையில் பாடமாட்டேன் என்று 2022 சுற்றுப்பயணத்தையும் ரத்து செய்தார்.

நீண்டகால ரசிகர்கள் பலருக்கு இது அதிர்ச்சி. 'உயிரைக் காக்கும் விதியை ஒரு பிரபலமே மீறச் சொல்லலாமா?' என்று கோபப்பட்டார்கள். வேறு சிலர், 'அதிகாரத்தைக் கேள்வி கேட்டுத்தானே அவர் புகழ்பெற்றார்?' என்றார்கள். நோய் பரவும் நேரத்தில் மேடையில் நிற்பவரின் ஒரு வார்த்தைக்கு எடை அதிகம் என்பதை மறுக்க முடியாது. அதேசமயம், ஒரு கலைஞரின் பாட்டு நமக்குப் பிடித்திருப்பதால் அவர் சொல்வதெல்லாம் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஏன் இன்னும் கேட்கிறோம்?

2006-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை. கத்ரீனா புயல் நிவாரணத்துக்காக 'விஎச்1 கிளாசிக்' சேனல் நிதி திரட்டியது. பணம் கொடுப்பவர் கேட்கும் பாட்டு ஒளிபரப்பாகும். ஒருவர் 35,000 டாலர் கொடுத்து, ஒரு மணி நேரம் முழுக்க நேனாவின் பலூன் பாட்டையே ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். சேனலும் போட்டது!

ஆனால் நேனா அமெரிக்காவில் முதன்முறையாகக் கச்சேரிச் சுற்றுப்பயணம் செய்தது 2016-ல்தான். பாட்டு அங்கே போய்ச் சேர்ந்து 32 ஆண்டுகள் கழித்து!

ஒரே பாட்டால் அறியப்படும் பாடகர்கள் பலர், ஒரு கட்டத்தில் அந்தப் பாட்டையே வெறுக்க ஆரம்பிப்பார்கள். நேனா அதிலிருந்து தப்பி ஓடவில்லை. கச்சேரியில் அதைப் பாடுகிறார், அதுவும் பெரும்பாலும் ஜெர்மனிலேயே. அதே சமயம், அந்த ஒரு பாட்டே தன் வாழ்க்கை என்று உட்கார்ந்துவிடவும் இல்லை. பிள்ளைகளை வளர்த்தார், தாலாட்டுப் பாடினார், பழைய பாட்டுகளுக்குப் புது உடை போட்டார், பாட்டியும் ஆனார். மேடையில் அந்த 23 வயதுப் பெண்ணைப்போல நடிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

பாட்டு ஏன் வாழ்கிறது என்பதற்கு இன்னொரு பதில், அவ்வளவு சந்தோஷமான பதில் அல்ல. சுவர் விழுந்தது, சோவியத் யூனியன் கலைந்தது. அத்தோடு அந்தப் பாட்டும் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவசரத்தில் ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு பொத்தானை அழுத்திவிடுவாரோ என்ற பயம் எந்தச் சுவரோடும் விழுந்துவிடவில்லை. 2023-ல் வானத்தில் பலூனைச் சுட்டபோது உலகத்துக்கு அந்தப் பாட்டு ஞாபகம் வந்ததும் அதனால்தான்.

முதல் தடவை கேட்கப் போகிறீர்களா?

முதலில் '99 லுஃப்ட்பலோன்ஸ்' ஜெர்மன் வடிவத்தைக் கேளுங்கள். மேலே சொன்ன கதை தெரிந்தால் போதும், மொழி தடையாக இருக்காது. அடுத்து, கிம் வைல்டுடன் பாடியது. இரண்டு பெண் குரல்களும் மாறி மாறி வரும் அழகுக்காக. மூன்றாவதாக 'வுண்டர் கெஷேன்'. முடிந்தால் ஹெட்போன் போட்டுக்கொண்டு, ராத்திரியில் கேளுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், பலூன் கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள். 'வெறும் பலூனுக்காகவா சண்டை போட்டாங்க?' என்று நிச்சயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்!